அண்ணன் பேசுகிறானா, தங்கை பேசுகிறாளா?

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். ஒரு நாவலை முழுசாகப் படித்தது போன வருஷம்தான், அதுவும் வாய்விட்டு.

அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள், பள்ளிக்கூட வாசிப்பு மன்றத்தில் திங்கட்கிழமை ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கதையைச் சொன்னால் மட்டும் போதாது. எழுதியவர் என்னென்ன உத்திகளைக் கையாண்டிருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வாய்ப்பு. தயாராகாவிட்டால் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து அவள் தம்பி அவளுடைய மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டான். புதுசு வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான்.

"நான் படிக்கிறேன், நீ கேளு" என்றேன்.

சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். நான் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே என் மனைவி சிரித்தாள்.

"விரலு வலிக்காத வேலையா பாத்து எடுத்துக்கினீங்களா?"

கதை பத்து வயசுப் பிள்ளையின் குரலில் தொடங்கியது. அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார். அடுத்த அத்தியாயத்தில், அப்பா ஒருநாளும் என்னைச் சைக்கிளில் ஏற்றியதில்லை என்று வந்தது.

"இன்னாங்க இது? இப்பதான் ஏத்திக்கினு போனாருன்னுது. அதுக்குள்ள இல்லன்னுது. புளுகுதா அந்தப் புள்ள?" என்றாள் மனைவி.

எனக்கும் குழப்பம்தான். மகள் மட்டும் கையில் இருந்த மல்லாட்டையைக் கீழே போட்டாள்.

"நைனா, அத்தியாயத்துக்கு மேல இன்னா போட்டிருக்குது?"

"அண்ணன்னு ஒண்ணுல. தங்கைன்னு ஒண்ணுல."

"அத்த ஏன் படிக்கல?"

டீக்கடையில் நான் பேப்பர் படித்துக் காட்டுவது உண்டு. செய்திக்கு மேலே போட்டிருக்கும் ஊர்ப் பேரையும் தேதியையும் விட்டுவிடுவேன். அதே பழக்கத்தில் இதையும் விட்டுவிட்டேன்.

"கூத்துல எந்த வேஷமும் திரைக்குப் பின்னால நின்னு, நான் இன்னாருன்னு சொல்லிட்டுத்தானே வருது? நீங்க திரையே கட்டாம ஆள உள்ள வுட்டுட்டீங்க!" என்றாள் மனைவி.

இனிமேல் மறக்காமல் சொல்கிறேன் என்றேன். மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"சொல்லாதீங்க நைனா. பேசறது யாருன்னு நானே கண்டுபிடிக்கறேன்."

அப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அண்ணன் பேச்சு வெட்டு வெட்டாக இருக்கும். 'மழை. நனைந்தேன். லீவு.' தங்கைக்கு எதைச் சொன்னாலும் ஒரு உவமை வேண்டும். 'அப்பாவின் கோபம் கொதிக்கிற பால், ஊதினால் அடங்கும்' என்பாள். நான் இரண்டு வரி படிப்பதற்குள் மகள் ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருதரம்கூடத் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி அத்தியாயங்களுக்கு வந்தோம். இருவரும் வளர்ந்துவிட்டார்கள். அப்பா படுக்கையில் கிடக்கிறார். 'கொதித்த பால் அடங்கிவிட்டது' என்று படித்தேன்.

"தங்கை!" என்றாள்.

மேலே பார்த்தேன். அண்ணன் என்று போட்டிருந்தது.

மகளின் முகம் வாடிப்போனது. "அப்ப நான் புரிஞ்சிக்கினது எல்லாமே தப்பா? நாளைக்கு இன்னான்னு பேசுவேன்?"

அவளே மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பு இல்ல நைனா. அவன் மாறிட்டான். சின்ன வயசுல தங்கச்சி பேசறத காதுலயே வாங்காதவன், இப்ப அவ கண்ணால அப்பாவப் பாக்கறான். பெரியவனாயிட்டான்னு எங்கயும் எழுதல. அந்தப் பாலுதான் சொல்லுது."

திங்கட்கிழமை குறிப்பு எதுவும் இல்லாமலே போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரிப்பு.

"பேசிட்டேன் நைனா! ஒருத்தி எழுந்து, 'அண்ணன் தங்கச்சியோட வார்த்தைய திருடிட்டான்'னு சண்டைக்கு வந்தா. திருட்டு இல்ல, சேந்து வளந்தவங்கன்னு நான் சொன்னேன். டீச்சர் சிரிச்சிக்கினே இருந்தாங்க. பெல் அடிச்சும் வுடல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே பேச்சுதான்."

"எனக்கும் திருட்டுன்னுதான் தோணுது" என்றாள் என் மனைவி, சோற்றைப் போட்டபடி.

"அம்மா! நீயுமா?"

சோறு ஆறும் வரை இரண்டு பேரும் விடவில்லை.