நுனிக்குப் போன ஓர் அடுக்கு

வேம்பு அண்ணன் ஒட்டிய ஃபைபர் படகு கடலில் பிளந்தது என்று எண்ணூர் குப்பத்தில் யாரும் சொன்னதில்லை. படகின் முன்பகுதியான அணியத்தில்தான் அலை வந்து அறையும். அதனால் அங்கே, கண்ணாடி இழை விரிப்பான மேட்டைக் கேட்டதற்கு மேல் ஓர் அடுக்கு வைத்து, ரெசின் பசை பூசிவிடுவார். மேட் போதாவிட்டால் அடி விழாத இடத்தில் ஓர் அடுக்கைக் குறைத்துக்கொள்வார். யாரிடமும் சொல்ல மாட்டார். அணியம் உடைந்த படகோடு அவர் தம்பி போன பிறகு வந்த பழக்கம் அது.

படகு வேலை குறைந்ததும் விம்கோ நகரில் நான் மேட் வெட்டும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆளில்லாத ஹெலிகாப்டர் ஒன்றுக்கு முதலில் குட்டி இறக்கை செய்து, சுழற்றிச் சோதித்து, பிறகு பெரிய இறக்கை செய்வது எங்கள் வேலை. தன் தங்கை புருஷன் ரகுபதியையும் அவரே அங்கே சேர்த்துவிட்டார். இறக்கை சுற்றும்போது கம்பி வலைக்கு உள்ளே, இடுப்பளவு சுவருக்குப் பின்னால், பிரேக் கைப்பிடியோடு நிற்பது ரகுபதியின் வேலை. கைப்பிடியை வலைக்கு வெளியே மாற்றச் சொல்லி எல்லோரும் கேட்டோம். அடுத்த மாதம் என்பார் முதலாளி.

முதல் குட்டி இறக்கைகள் நான்கையும் அண்ணன் ஒட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். நடுத்தண்டோடு சேரும் அடியில் ஓர் அடுக்கைக் குறைத்து, அதை நுனியில் வைத்தார். காற்றில் முதலில் அடிபடுவது நுனிதானே என்று எனக்கும் தோன்றியது. தராசில் வைத்தால் நான்கும் ஒரே எடை. வரைபடக் காகிதத்தில் இருந்த எடையும் அதுதான். இன்ஜினியர் ரேகா மேடம் கையெழுத்துப் போட்டார்.

முதல் ஓட்டத்தில் இறக்கைகள் சத்தமில்லாமல் சுற்றின. ஆனால் மேடம் முகம் சுளித்தார்.

"குறிச்ச உயரத்துக்கு நுனி ஏறலையே."

"ஏறாம இருந்தா நல்லதுதானேம்மா? ஆடாம கீது" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. காத்து இறக்கையை மேல தூக்கப் பாக்கும். சுத்தற வேகத்துல அதோட கனம் வெளிப்பக்கமா இழுத்துப் படுக்க வைக்கும். இழுக்கறதைப் போலத் தூக்கறது எத்தனை மடங்கு, அதான் போர்டுல எழுதின நம்பர். கிலோவும் இல்ல, மீட்டரும் இல்ல, வெறும் நம்பர். குட்டிக்கும் பெரிசுக்கும் அது ஒண்ணா இருந்தாத்தான் குட்டி சொல்றதை நம்பலாம். இந்த இறக்கை வேற ஏதோ நம்பரைச் சொல்லுது."

"எடை சரியாத்தானே இருந்துச்சி?"

"எடை எங்க இருக்குன்றதும் கணக்குத்தான். நுனியில கூடினா இழுப்பு கூடும். அந்த இழுப்பு முழுக்க அடியிலதான் வந்து தொங்கும்." மேடம் கணினியைத் தட்டினார். "காகிதப்படிதானே ஒட்டியிருக்கு, அப்போ சென்சார் கோளாறா இருக்கும். முழு வேகத்துல ஒரு தடவை பாத்துடலாம்."

அண்ணனின் கை ரெசின் டப்பா மேலேயே நின்றுவிட்டது.

"இன்னா மச்சான், மூஞ்சி இப்டி கீது?" வலைக்குள்ளிருந்து ரகுபதி சிரித்தார். "உன் இறக்கை உன் தங்கச்சி மாதிரி இல்ல, கம்முனு சுத்துது!"

மோட்டார் ஏறியது. அடுக்கு மாற்றியதைச் சொன்னால் இத்தனை வருடம் சேர்த்த பேர் போய்விடும். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீறல் மெல்ல ஊளையாக மாறியது. தகரக் கூரை அதிர்ந்தது. ஊளைக்கு நடுவே டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம் சேர்ந்துகொண்டது. எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நிறுத்தும்மா! அடியிலேர்ந்து எடுத்து நுனில போட்டுட்டேன்! அடி மெலிசு!"

மேடம் மின்சாரத்தை நிறுத்தினார். "பிரேக் பிடிக்காதீங்க, பிச்சுக்கும்! படுங்க!"

ரகுபதி சுவருக்குப் பின்னால் குப்புற விழுந்தார். மோட்டார் நின்றும் இறக்கைகள் நிற்கவில்லை. நுனியில் ஏற்றிய கனம் அவற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக நின்றபோது, ஓர் இறக்கையின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மேடத்தின் நகம் அதற்குள் போனது.

ரகுபதி எழுந்து வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். சட்டையைத் தட்டினார்.

"என்னைத் தூக்கினு போய் உன் தங்கச்சிகிட்ட இன்னா சொல்லியிருப்ப மச்சான்?"

அதற்குப் பிறகு ரகுபதி ஷெட்டுக்கு வரவில்லை. அண்ணன் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். தங்கை கதவுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள்.

புது இறக்கைகளை அண்ணன் காகிதத்தில் இருந்தபடியே ஒட்டினார். ஒவ்வோர் அடுக்குக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கைப்பிடி இன்னும் வலைக்கு உள்ளேதான் இருந்தது. யார் நிற்பது என்று மேடம் கேட்டபோது ஷெட்டில் யாரும் நிமிரவில்லை.

"என் கை போட்டது. நானே நிக்கிறேன்" என்று வேம்பு அண்ணன் உள்ளே போய் வலைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

மோட்டார் ஏறியது. "நுனி குறிக்கு வந்துடுச்சு, நம்பர் சரியா இருக்கு" என்று மேடம் கத்தினார். அண்ணன் திரும்பவில்லை. போன தடவை டிக் கேட்ட வேகத்துக்கு இன்னும் ஏற வேண்டியிருந்தது.