மிஷினை நிறுத்தியது யார்

ராஜபாளையத்தில் நான் பதினோரு வருடம் லேபில் வேலை பார்த்த நூல் மில்லை மூடினார்கள். வேலை கேட்டு எழுதிப் பழக்கமே எனக்கு இல்லை. முதல் வேலைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போய் நிறுத்தினாள், அவ்வளவுதான். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மில்லில், நூல் சோதிக்கிற லேபைப் பொறுப்பாகப் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். சர்டிபிகேட்டோடு, ஏன் என்னை எடுக்க வேண்டும் என்று ஒரு கடிதமும் வேண்டுமாம். ஏன் எடுக்க வேண்டும்? எனக்குச் சம்பளம் வேண்டும், மகள் காலேஜில் இரண்டாம் வருடம். அதை எழுதக் கூடாது என்று மகளே சொல்லிவிட்டாள்.

மம்சாபுரத்து வீட்டில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். அடித்ததைவிட அழித்ததுதான் அதிகம்.

"சொன்ன வேலைய ஒழுங்கா செய்வேன்னு போடு."

"அத யாரும்மா படிப்பா? நீயா செஞ்சது ஒண்ணு சொல்லு."

யோசித்துச் சொன்னேன். ஒரு மதியம் நூலின் தடிமன் மாறி வந்தது. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். நானே ஓடிப்போய் மிஷினை நிறுத்தினேன். இல்லாவிட்டால் வாங்கினவர்களிடமிருந்து அந்த லோடு முழுக்கத் திரும்பி வந்திருக்கும். ரிஜிஸ்தரில் மட்டும் 'சூப்பர்வைசர் பார்த்து நிறுத்தினார்' என்று எழுதினேன். எங்கள் லேபில் அதுதான் வழக்கம். யார் கண்டுபிடித்தாலும் அவர் பெயரில்தான் ஏறும். அன்றைக்கு அது எனக்கு உறுத்தக்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மகள் அதைத்தான் கடிதத்தின் நடுவில் வைத்தாள். வாசித்துக் காட்டியபோது யாரோ ஒரு கெட்டிக்காரியைப் பற்றிக் கேட்பது போலிருந்தது.

"ஏட்டி, பீத்திக்கிற மாதிரி இருக்கு."

"நடந்ததுதானம்மா?"

நடந்ததுதான். அப்படியே அனுப்பச் சொன்னேன்.

அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் நேரில் வரச் சொன்னார்கள். மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்த மிஷின நிறுத்தினது நீங்களாம்மா?"

என் வாய் முந்திக்கொண்டது. "இல்ல சார், எங்க சூப்பர்வைசர் சார்தான். அவிய சொன்னாவ, நான் செஞ்சேன்."

சொன்னது என் காதில் விழுந்த பிறகுதான் பகீரென்றது. மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வேலைக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து விட்டுவிட்டேன். அவர் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"இந்த லேபுக்கு அவர மாதிரி ஆள்தான் வேணும். அவரு இப்ப எங்கயும் வேலை பாக்காரா? நம்பர் இருக்கா?"

போனைப் பார்க்காமலே பத்து எண்ணையும் சொன்னேன். கடைசி இரண்டும் சரியாகக் கேட்கவில்லை என்றார். மறுபடியும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.