ஏழாம் நம்பரும் அக்காவின் சிரிப்பும்

என் அக்காவுக்கு மைதானத்தில் தராசு என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொருந்திவிட்டது. எடை அளவுத் துறையில் அவள் ஆய்வாளர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது வேலை. குறைவான கல் அகப்பட்டால், அதிலிருக்கும் பழைய முத்திரையின் மேல் உளியால் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுப்பாள், ஒரு பெருக்கல் குறி மாதிரி. அந்தக் குறி விழுந்த கல் பிறகு கடைக்குள் இருக்கக்கூடாது. கடைக்காரர் காலில் விழுந்தாலும் சரி, மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் சரி, அவள் மசியமாட்டாள். வீட்டிலும் அதே கண்தான். நான் பால் வாங்கி வந்தால் பாத்திரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். கூடப் பிறந்த பாவத்துக்குச் சின்ன வயதிலிருந்து நானும் அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்படிப்பட்டவளை ஒரு பத்திரிகை ஏமாற்றிய கதை இது. சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா கோல்ஃப் ஆடுவாள். பணக்காரர் ஆட்டம் என்று வாயைப் பிளக்க வேண்டாம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருப்பது நகராட்சி மைதானம். பஸ்ஸில் வந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். காசுக்கு ஆடாத அமெச்சூர்களில் அக்கா கெட்டிக்காரி. மகளிர் கோப்பை எங்கள் அலமாரியில் பலமுறை வந்து தங்கிப் போயிருக்கிறது. எனக்கு ஆடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய பை வண்டியை இழுப்பேன், அவ்வளவுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பையில் அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நம்பர். நம்பர் ஏற ஏற இரும்பின் முகம் பின்னால் சாயும், பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும். ஏழு நடுவில் நிற்பது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் தன் ஏழு எவ்வளவு தூரம் போகும் என்பது தன் வயது மாதிரி தெரியும். வயதைப் போலவே அதிலும் சிலர் பொய் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

அக்காவின் ஏழு பயிற்சித் திடலில் இருக்கும் மஞ்சள் பலகை வரை போகும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். போன வருஷம் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு பந்து பலகையைத் தொடவே இல்லை. அடித்துவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் கோப்பைக்குள்ள தூரம் திரும்பலன்னா போட்டி ஆடறதை நிறுத்திடப்போறேன்டி. சும்மா காத்து வாங்க வேணா வர்றேன்."

"போக்கா, சும்மா இரு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் சும்மா பேசுகிறவள் இல்லை.

அந்த நேரத்தில்தான் பத்திரிகைக்காரர் வந்தார். கோல்ஃபுக்கென்றே வரும் மாதப் பத்திரிகை. புதிதாக வந்திருக்கும் ஒரு அயர்ன் செட்டை, நன்றாக ஆடுகிற அமெச்சூர்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டுமாம். ஐந்து பேரைப் பொறுக்கியிருந்தார், அதில் ஒருத்தி அக்கா. கம்பெனி பெயர் தெரியக்கூடாது என்று மட்டைகளின் முதுகில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். அடியிலிருந்த நம்பர் மட்டும் தெரிந்தது. பெயரை மறைத்தவர்கள் நம்பரையும் மறைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அக்கா சோதிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மட்டையைத் தரையில் ஊன்றி மேலிருந்து பார்த்தாள். புல்லை எப்படிச் சீவுகிறது, நடுவில் படாமல் நுனியில் பட்டால் கை அதிர்கிறதா, பந்து எழும்பி நேராகப் போகிறதா, விழுந்த இடத்தில் நிற்கிறதா ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சத்தம் நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் வெத்துச் சத்தம்" என்றாள். "கெட்டிக்காரனுக்குத் தூரம் பெருசில்ல, நிக்கிறதுதான் பெருசு" என்றாள். பத்திரிகைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஏழாம் நம்பரை எடுத்தாள். வீசினாள். பந்து எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் பலகையைத் தாண்டி விழுந்தது.

இன்னொன்று அடித்தாள். அதுவும் தாண்டியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. வாய் நிறைய, கண்ணில் தண்ணீர் முட்ட. "பழைய கை திரும்பி வந்துடுச்சுடி!" என்று கத்தினாள். கேமராக்காரர் எங்கிருந்தோ க்ளிக் செய்தார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒரு வாரம் ஆடிப் பார்க்க செட்டைக் கையோடு கொடுத்தனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் வீட்டில் கல்யாணக் களைதான். மூன்றாம் நாள் அக்கா முகம் மாறியது. கிரீன் என்று சொல்லும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பக்கத்தில் கிட்டத்து அடி அடிக்க வேண்டியிருந்தது. பையிலேயே அதிகம் சாய்ந்த மட்டையை எடுத்து அடித்தாள். பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. மறுபடி அடித்தாள், மறுபடியும் புதர். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேராக மைதானத்துப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு நடந்தாள்.

அங்கே மட்டையை இடுக்கிப் பிடித்து முகத்தின் சாய்வைக் காட்டும் ஒரு கருவி இருக்கிறது. புதிய ஏழாம் நம்பரை வைத்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்தாள். தன்னுடைய பழைய ஆறை எடுத்து வைத்தாள். முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. உற்றுப் பார்த்தால், புதிய ஏழு பழைய ஆறைவிட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஆறை எடுத்து ஏழு என்று முத்திரை அடித்திருக்கிறார்கள். ஐந்தை எடுத்து ஆறு. வரிசை முழுக்க இதே கதை. வாங்குகிறவன் ஏழை வீசுவான், பந்து ஆறின் தூரம் போகும், அடடா நம் கை என்று பூரித்துப் போவான். தோள் குணமாகவில்லை. பழைய கை வரவும் இல்லை.

அக்கா கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஊரிலுள்ள தராசையெல்லாம் அளந்தவள், தன் கையில் கொடுத்ததை மட்டும் அளக்காமல் வீசினாள். அளக்கத் தோன்றாத அளவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் கை வைத்தார்களே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அங்கிருந்தே பத்திரிகைக்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சார், இது ஏழே இல்ல. ஆறுக்கு ஏழுன்னு நம்பர் போட்டிருக்காங்க."

"மேடம், இப்போ எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடுது. இரும்போட அமைப்பு மாறிடுச்சு, சாய்வு குறைஞ்சாலும் பந்து உயரமா எழும்புது. அதனால..."

"உயரமா எழும்பட்டும். நம்பர் எதுக்கு மாத்தணும்?"

"ஏழுன்னா இவ்வளவு சாய்வுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு மேடம்?"

உண்மைதான், சட்டம் இல்லை. கால் கிலோ கல்லில் ஒரு சிட்டிகை தேய்ந்திருந்தால் கீரை விற்கிற கிழவியை நிறுத்திக் கேட்க அக்காவுக்கு அதிகாரம் உண்டு. இந்த ஏழாம் நம்பரை நிறுத்திக் கேட்க ஒருவருக்கும் இல்லை. கடுகு போன இடத்தை ஆராய்கிற ஊரில் பூசணிக்காய் கைவீசி நடந்து போகிறது!

"அப்போ இதை நீங்க எழுதணும்" என்றாள் அக்கா. "ஏழுன்னு நினைச்சு வாங்காதீங்கன்னு தெளிவா எழுதணும்."

"கண்டிப்பா மேடம். சாய்வுக் கணக்கு எல்லாமே போட்டுடறோம்."

போட்டார்கள். பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அட்டவணை, அதற்குள் சாய்வு. கட்டுரையின் முதல் பக்கம் முழுக்க அக்காவின் முகம். அதே சிரிப்பு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், "பழைய கை திரும்பி வந்துடுச்சு!" வெத்துச் சத்தம் என்று சொன்னதைக் காணோம். புதருக்குள் போன பந்தைக் காணோம். நிற்கிறதுதான் பெரிசு என்று சொன்னதை வேறு யாரோ சொன்னதுபோல் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்.

நான் அக்காவின் போனைப் பிடுங்கி அந்த மனுஷனைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டேன். "ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத இடம் வரை போனேன். அவர் நிதானமாக, "அம்மா, அவங்க சொன்னதுதானே? நாங்க ஒரு எழுத்தாவது சேர்த்தோமா?" என்றார். சேர்க்கவில்லை. பொய் சொல்கிறவனையாவது பிடித்து உலுக்கலாம். உண்மையை வெட்டி ஒட்டுகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது?

அக்கா அந்தச் செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கோப்பைப் போட்டி வந்தது. தன் பழைய மட்டைகளோடு ஆடிய அக்கா, தட்டுத் தடுமாறி இறுதிப் போட்டி வரை வந்துவிட்டாள். எதிராளி எங்கள் பகுதிப் பல் டாக்டரம்மா. நல்ல மனுஷி, நல்ல ஆட்டக்காரி. இருவரும் பல வருஷமாக ஒன்றாக ஆடுகிறவர்கள், அக்காவின் தோள் கெடும்வரை தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அன்று அவர் பையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. புத்தம் புதுசாக மின்னியது அதே செட்.

ஒவ்வொரு குழியையும் குறைந்த அடியில் முடிப்பவருக்கு அந்தக் குழி, அதுதான் கணக்கு. கடைசிக்கு முந்தைய குழி வரை சமமாகவே வந்தார்கள். அது சின்னக் குழி, ஒரே அடியில் கிரீனில் ஏற வேண்டும். கிரீனுக்கு முன்னால் குளம், பின்னால் முள்புதர். எல்லாருக்கும் தெரியும், அங்கே அக்காவுக்கு எப்போதும் ஏழு. முதலில் அடிக்க வேண்டியவள் அவள். கை ஏழின் மேல் போய் நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கயிற்றோரம் நின்றார்கள். அக்கா கையை நகர்த்தி ஆறை உருவினாள். மறைக்கவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல் துடைத்தாள். அடித்தாள். பந்து குளத்தைத் தாண்டிக் கிரீனில் விழுந்து, சொன்னபடி நின்றது.

கோல்ஃபில் எதிராளியிடம் எந்த நம்பரால் அடித்தாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் அந்தக் குழியே எதிராளிக்குப் போய்விடும். பையை எட்டிப் பார்த்து எது குறைகிறது என்று தெரிந்துகொண்டால் குற்றமில்லை. எல்லாரும் செய்வதுதான். டாக்டரம்மா, பழைய ஏழின் தூரம் போகும் புதிய எட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பையைப் பார்த்தார். ஆறைக் காணோம். நெற்றி சுருங்கியது. அக்காவின் தோள் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தவர், தராசே ஆறு எடுக்கிறது என்றால் மேலே எதிர்க்காற்று பலமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார். எட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஏழை எடுத்தார். பந்து கிரீனுக்கு மேலே பறந்து போய் முள்புதரின் நடுவில் விழுந்தது. காற்று ஒரு பொட்டுகூட இல்லை.

அந்தக் குழியும் அடுத்த குழியும் அக்காவுக்கு. கோப்பையும் அவளுக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயித்தவள் முகமா அது? கடையில் கள்ளக்கல்லைக் கண்டெடுத்த முகம். டாக்டரம்மாவிடம் கை கொடுத்தவள் விடவில்லை.

"டாக்டர், உங்க ஏழு ஏழு இல்ல. என் பழைய ஆறு அது. என் தோள் போயிடுச்சு, அதான் நான் ஆறு எடுத்தேன். காத்தெல்லாம் இல்ல."

டாக்டரம்மா கையை உருவிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"இதை இப்பதான் சொல்றீங்க. இந்த செட்டை நான் ஏன் வாங்கினேன் தெரியுமா? உங்க போட்டோவைப் பாத்து."

"அது..."

"எத்தனை வருஷமா உங்ககூட ஆடறேன். ஒரு தடவைகூட நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. தராசே சிரிக்குதுன்னா சரக்கு சுத்தமாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். அட்டவணையெல்லாம் யார் படிக்கிறா?"

நான் சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். "அவங்க சொல்றது சரி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையை மேஜைமேல் வைத்தாள், அலமாரியில் வைக்கவில்லை. "அந்தப் பத்திரிகையை எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைக் கிழித்தாள். அடிக்கோலை வைத்து, சிவப்பு மையில், தன் முகத்தின் மேலேயே மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.

"அக்கா, வேணாம்க்கா. தப்பு பண்ணினது அவனுங்க."

"நம்பர் அவங்களுது. சிரிப்பு என்னுது. கடையில இருந்தது என் கல்லுடி."

மறுநாள் காலையில் மைதானத்து அறிவிப்புப் பலகைக்கு நாங்கள் இருவரும் போனோம். கோப்பை முடிவுகளுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தை வைத்து நான்கு முனையிலும் ஊசி குத்தினாள். இரண்டு அடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நேரா இருக்கா பாரு."

வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. சொன்னேன். ஊசியைப் பிடுங்கிச் சரியாக்கிக் குத்தினாள்.