அசையாத கால்கள்

என் கணவருக்குக் கால் அடங்காது. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிறது என்று எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். நான் வேதம் வாசிப்பேன். அவர் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தபடியே கேட்பார். படுத்தாலும் அதே கதைதான்.

தக்கலையில் டாக்டர் இரத்தத்தைப் பரிசோதித்து, இரும்புச்சத்தில் குறையில்லை என்றார். பிறகு இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார். பிரிகபாலின் என்றால் தூக்கம் வரும், தலை சுற்றலாம், கால் வீங்கலாம். பிரமிபெக்சோல் சீக்கிரம் கேட்கும். ஆனால் நாள்பட்டால் தொந்தரவையே கூட்டிவிடலாம், சிலருக்குச் சூதாட்டத்தில் புத்தி போகும். முதலாவதே நல்லது என்பது அவருடைய எண்ணம்.

"பைக்கு ஓட்டணும் டாக்டர், தல சுத்தினா சரிவராது," என்று இவர் இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்.

"வீட்டுல ஒருத்தர் கவனிச்சுக்கிடணும்," என்று டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாண வீட்டில் யாராவது சீட்டுக்கட்டை எடுத்தாலே எழுந்து வெளியே போகிற மனிதர் இவர்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. ஜெபம் முடியும்வரை இடம்விட்டு நகராமல் இருந்தார். ஆண்டவருக்கும் டாக்டருக்கும் சேர்த்தே நன்றி சொன்னேன்.

சில மாதம் கழித்து, ஏத்தன்பழம் வாங்கக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்குப் போகத் தொடங்கினார். தக்கலையில் கிடைக்காத பழமா?

"எங்க போயிட்டு வாறிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பார்டரத் தாண்டிப் போயி ஒரு லாட்டரி எடுத்தேன்," என்றார். மறைக்கவே இல்லை. மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பிறகு தினமும் போனார்; பழம் வாங்குவதும் நின்றது. மத்தியானம் குலுக்கல் முடிவு வரும்வரை போனிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார், சோறு ஆறிக்கிடக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "திடீர்னு நிறுத்தக் கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, மெதுவா குறைச்சு மற்றதுக்கு மாத்தலாம்," என்றார். இவரிடம் சொன்னேன்.

"காலு நல்லாத்தான இருக்கு, எதுக்குட்டி மாத்தணும்?" என்றார்.

அன்று சாயங்காலம் ஆமென் சொல்லிக் கண் திறந்தேன். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வளையல்ல ஒண்ணக் கழட்டித் தாட்டி. நாளைக்கு உறப்பா பரிசு விழும்."

கல்யாணமான நாளிலிருந்து என் நகையைக் கேட்டதில்லை இவர். குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டும் அசையவே இல்லை.