வலையில் படிந்த செம்பு

விரல் நீளப் பிளாட்டினம் வலை ஒன்று கண்ணாடிக் குடுவைக்குள் செம்பு படிந்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. செம்பு என்ன செய்யும், பாவம்! குமட்டுவது, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரை நினைத்துத்தான்.

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளராக இருந்தபோது அவர்தான் தலைமை கெமிஸ்ட். புதிதாகச் சேர்ந்தவர்களை அந்தக் குடுவை முன்னால் நிறுத்திப் பிரசங்கமே செய்வார். தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு அயனி ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுதான் வலையில் உலோகமாக ஒட்டும். எலக்ட்ரானின் மின்னூட்டம் எங்கேயும் ஒரே அளவு. ஆகவே ஓடிய மின்சாரத்தை அளந்தால் செம்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். "எலக்ட்ரான்கிட்ட சிபாரிசு நடக்காதும்மா. மொதலாளியே சொன்னாலும் அதோட சார்ஜ் கொறையாது" என்பார். என்ன வாய் அது! நானும் மயங்கித்தான் கிடந்தேன்.

ஒருநாள் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தி போர் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தாள். அவள் பிள்ளை வாந்தி எடுத்தே துவண்டுபோயிருந்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று எங்கள் கூடத்துத் தாளைக் காட்டினால்தான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் டேங்கர் லாரி விடுவார்களாம். வாசல் பெஞ்சிலேயே காத்திருந்தாள்.

தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, அமிலம் சேர்த்து, மின்சாரம் விட்டேன். வலை சிவந்தது. அவர் குனிந்து பார்த்தார். அந்த ஊரை ஒட்டியிருந்த செம்பு முலாம் பூசும் கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. வலையை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் முக்கினார். செம்பு நீலமாகக் கரைந்து போனது. பிறகு வாசலுக்குப் போய், "தண்ணி நல்லாதாம்மா இருக்குது. புள்ளைக்குக் கண்டதையும் வாங்கிக் குடுக்காத" என்று கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். உள்ளே வந்து தன் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். சீ, மனுஷனா அவர்!

இப்போது கல்லூரி விழாக்களில் அறிவியலும் நேர்மையும் பற்றிப் பேசுகிறாராம். பொன்னாடை வேறு. கேள்விப்படும்போதெல்லாம் துப்பத் தோன்றுகிறது.

அன்று நான் அவள் பின்னாலேயே கேட்டுக்கு ஓடினேன். "அக்கா, அந்தத் தண்ணி வேணாம். செம்பு கலந்திருக்குது, நானே பாத்தேன்."

"அத எழுதிக் குடேம்மா, லாரி கேக்கறேன்."

என் கையெழுத்து செல்லாது என்று சொல்லி, என் பாட்டில் தண்ணீரை அவள் கையில் வைத்தேன்.

"இது இன்னிக்கு ஆச்சு. நாளைக்கு இன்னாம்மா குடுப்பேன்?" என்றாள்.