பாஸ்கமின் உயிலில் டைனாவைத் தேடிய இரண்டு நாட்கள்

லண்டனில் பழைய உயில்களை எப்படித் தேடுவது என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறார்கள். நான் இந்த வேலையை ஒரே ஒரு முறைதான் செய்தேன், அதுவும் என் குடும்பத்துக்காக அல்ல. 1993 ஜூலையில், ஒரு வியாழனும் ஒரு வெள்ளியும். முதல் நாள் மூக்குடைபட்டேன். இரண்டாம் நாள் நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட் முழுவதற்கும் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு நாளையும் உள்ளபடி எழுதுகிறேன். போகிறவர்களுக்கு முதல் நாள்தான் அதிகம் உதவும்.

எங்கள் வீட்டின் மேல்மாடி அறையில் அந்தக் கோடையில் லொரெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆறு கிழமை வாடகைக்கு இருந்தார். வெர்ஜீனியாக்காரர், கறுப்பினத்தவர், ஐம்பத்தெட்டு வயது, பள்ளி ஆசிரியை. ஏதோ பயிற்சிக்கென்று வந்தவர். புறப்படுவதற்கு மூன்று நாட்கள் இருக்கும்போதுதான், தேநீர் குடித்துக்கொண்டே, தான் உண்மையில் எதற்காக லண்டனைத் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னார்.

அவருடைய குடும்பத்தின் முதல் தாயின் பெயர் டைனா. இருநூறு வருடங்களுக்கும் முன்னே, புகையிலைத் தோட்டக்காரன் தோமஸ் பாஸ்கம் என்பவனுடைய வீட்டில் அடிமையாக இருந்தவள். இது தாய் வழியாக வாய்மொழியாக வந்த கதை. தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்காவது டைனா என்று பெயர் வைத்து அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் குடும்பப் புத்தகம் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த மைத்துனர் ஒருவர் இதை ஏற்கவில்லை. அந்தத் தாய்வழியின் குடும்பப் பெயர் ரீட், அடிமைகளுக்கோ எசமானின் பெயர் ஒட்டுவதுதான் வழக்கம். பாஸ்கம் வீட்டு ஆள் என்றால் எப்படி ரீட் ஆவாள்? தாள் காட்டு, இல்லாவிட்டால் ‘முதல் தாய், பெயர் தெரியாது’ என்றுதான் அச்சாகும் என்றாராம். புத்தகம் அந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. லொரெய்னின் தாயாருக்கு வயது தொண்ணூற்றொன்று. அவருடைய பெயரும் டைனாதான்.

தாள் வெர்ஜீனியாவில் இல்லை. அந்த மாவட்ட நீதிமன்றம் ஆவணங்களோடு எரிந்துபோயிற்று. எரிந்த ஆவணம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பாஸ்கமுக்கு இங்கிலாந்திலும் சொத்து இருந்ததால் அவனுடைய உயில் லண்டனிலும் பதிவாகியிருந்தது. அதன் ஒரு பக்கச் சுருக்கம் பழைய அச்சுப் புத்தகம் ஒன்றில் இருந்தது, அதை லொரெய்ன் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் டைனா இல்லை. மூல உயிலில் இருப்பாளோ என்று தேட வேண்டும், ஆனால் அந்தக் கால எழுத்தைத் தன்னால் வாசிக்க முடியாது என்றார்.

எனக்கு அது போதும். சுன்னாகத்தில் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் பதினொரு வருடம் உட்கார்ந்து அந்த உறுதிகளுக்குப் படி எழுதினவன் நான். பூச்சி தின்ற சீதன உறுதியையும் வெளிச்சத்தில் பிடித்து வாசித்து முடிப்பேன். லண்டனில் வைத்தியசாலைக் கோப்பு அறையில் பெட்டி தூக்குகிறவனுக்கு இதைச் சொல்லிக்கொள்ள வேறு சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்? இரண்டு நாள் லீவு போட்டேன்.

வியாழன் காலை 9.35க்கு கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினோம். ஒன்பதரைக்குப் பிறகு எடுத்தால் ஒரு நாள் பயண அட்டை மூன்று பவுண் இருபது பென்ஸ். பாங்க் நிலையத்தில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறி, இரண்டாவது தரிப்பு சான்சரி லேன். நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. ஆவணக் காப்பகம் இடது பக்கம், தேவாலயமா கோட்டையா என்று தெரியாத கட்டடம். அனுமதி இலவசம், கடவுச்சீட்டைக் காட்டினால் அட்டை தருவார்கள். பேனாவை வாசலில் விட வேண்டும், உள்ளே பென்சில் மட்டும்தான்.

உயில்கள் எல்லாம் நுண்படச் சுருள்களில் இருந்தன. அச்சிட்ட சுட்டியில் பெயரையும் ஆண்டையும் பார்த்து, தொகுதி எண்ணைக் குறித்து, இழுப்பறையில் சுருளை எடுத்து இயந்திரத்தில் மாட்ட வேண்டும். பதினொன்றேகாலுக்குப் பாஸ்கம் திரையில் வந்துவிட்டார். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கையெழுத்து. என்னைப் போன்ற படி எழுத்தன் ஒருவன் பதிவேட்டில் எழுதி வைத்தது, சம்பளத்துக்கு எழுதுகிறவனின் சீரான கை. அரை மணி நேரத்தில் எனக்குப் பிடிபட்டது.

மனிதர்களைப் பங்கிட்ட பகுதிக்கு நேரே போனேன். மனைவிக்கு இன்னார், மகனுக்கு இன்னார், இளைய பெண்கள் இருவருக்கும் இன்னார் என்று பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன், லொரெய்ன் பென்சிலால் எழுதினார். டைனா இல்லை. மறுபடியும் பார்த்தேன், இல்லை. அவர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் பக்கத்துச் சந்திலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, என் மனைவி கட்டித் தந்த முட்டைச் சான்ட்விச்சைச் சாப்பிட்டோம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பாஸ்கம் நல்லவனே அல்ல, சொந்த மூத்த மகள் ஹன்னாவையே ஒரு சிலிங் காசோடு தள்ளி வைத்தவன், உங்கள் சுருக்கத்திலேயே இருக்கிறதே, அவள் அப்பனுக்குப் பிடிக்காதவனைக் கட்டியிருப்பாள் என்று விளக்கினேன். அரை மணித்தியாலம் விளக்கினேன். லொரெய்ன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். லொரெய்ன் பெட்டி அடுக்க மேலே போய்விட்டார். என் மனைவி சிவமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, கிடைக்கேல்லையோ?”

“உயில் கிடைச்சது. ஆள் கிடைக்கேல்லை.”

“அந்தாளுக்குப் பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை?”

“மூண்டு. இளையவை ரண்டு பேருக்கும் நிறைய எழுதியிருக்கு. மூத்தவளுக்கு ஒரு சிலிங். தள்ளி வைச்சிட்டான்.”

“மூத்தவள் கலியாணம் கட்டினவளோ?”

“ஓம்.”

“மற்ற ரண்டும்?”

“அதுகள் கட்டேல்லை.”

சிவமலர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப மூத்தவளுக்கு முதலே குடுத்து அனுப்பியாச்சு. எனக்கும்தான் அப்பா கடைசியிலை ஒண்டும் எழுதேல்லை. அதுக்காக என்னைத் தள்ளி வைச்சவரோ? இணுவில் வீடு கலியாணத்தண்டே என்ரை பேருக்கு வந்திட்டுதெல்லே. உது தெரியாமல் பதினொரு வருசம் நொத்தாரிசின்ரை கந்தோரிலை என்ன செய்தனீங்கள்?”

எங்கள் பக்கத்துச் சட்டத்தின் அரிச்சுவடி அது. சீதனம் வாங்கிப் போன பெண்ணுக்கு முதிசத்தில், பெற்றோர் விட்டுப்போகும் சொத்தில், பங்கு இல்லை. நூறு உறுதியிலாவது அதை என் கையால் எழுதியிருப்பேன். ஆனால் வெள்ளைக்காரன் உயில் என்றதும், பிடிக்காத பிள்ளையை ஒரு சிலிங்கோடு கைவிடும் வெள்ளைக்காரன் கதைதான் நினைவுக்கு வந்தது. அதைவிட வெட்கம், ஹன்னாவைப் பற்றிய பகுதியை நான் திரையில் வாசிக்கவேயில்லை. சுருக்கத்தில் ‘மணமான மகள் ஹன்னாவுக்கு ஒரு சிலிங்’ என்று இருந்ததால், தெரிந்ததுதானே என்று தாண்டிப் போயிருந்தேன்.

மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி லொரெய்னின் கதவைத் தட்டினேன். “நாளைக்கு மறுபடியும் போகிறோம். ஹன்னா யாரைக் கட்டினாள் என்று பார்க்க வேண்டும்.”

வெள்ளி. காப்பகம் திறக்கும்போதே நிற்க வேண்டும் என்பதால் 8.20 ரயில். அந்த நேரத்தில் பயண அட்டை செல்லாது, ஒரு வழிக்கே ஒரு பவுண் எழுபது. தோளோடு தோள் முட்டி நின்றுகொண்டு போனோம். ஒன்பதரைக்கு உள்ளே. 9.50க்குச் சுருள் இயந்திரத்தில். இம்முறை முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். ஆன்மாவைக் கடவுளுக்கும் உடலை மண்ணுக்கும் ஒப்படைத்ததிலிருந்து, ஒரு சொல் தாண்டாமல். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஹன்னா வந்தாள். நான் மெல்ல வாசித்தேன்.

“என் மகள் ஹன்னாவுக்கு, ஜோன் ரீட்டின் மனைவிக்கு, அவளுடைய திருமணத்தின்போது நான் கொடுத்து இப்போது அவள் கைவசம் இருப்பவற்றை உறுதி செய்கிறேன். இறகு மெத்தை ஒன்று, பசு இரண்டு, டைனா என்னும் கறுப்பினச் சிறுமி. மேலும் ஒரு சிலிங், அதற்கு மேல் இல்லை.”

ரீட் என்ற இடத்திலேயே லொரெய்னின் கை என் முழங்கையைப் பிடித்துவிட்டது. டைனா என்றதும் பிடி இறுகியது. பாஸ்கம் வீட்டில் இருந்தவள் எப்படி ரீட் ஆனாள் என்பதற்கு இதைவிடச் சுத்தமான பதில் இல்லை. கல்யாணப் பெண்ணோடு அனுப்பப்பட்டவள். பதினான்கு பேரின் பட்டியலில் அவள் இல்லாததற்குக் காரணம், பாஸ்கம் சாகும்போது அவள் ஏற்கெனவே வேறொருவரின் சொத்து. தாய்மார் சொல்லி வந்த கதையில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

லொரெய்ன் அழவில்லை. எழுந்து நின்று, “இருக்கிறாள்” என்று சொன்னார். வாசிப்பறையில் பேசக் கூடாது. கண்காணிப்பாளர் தலையைத் தூக்கினார், லொரெய்ன் திரையைச் சுட்டினார், அவர் வந்து குனிந்து பார்த்தார். “உங்களுடையவரா?” என்று கேட்டார். “என்னுடையவர்” என்றார் லொரெய்ன். அந்த மனிதர் தானே போய்ப் படியெடுத்துக்கொண்டு வந்து தந்தார். தாளுக்கு இருபத்தைந்து பென்ஸ், நான்கு தாள், ஒரு பவுண். என் வாழ்க்கையில் இத்தனை பெருமையோடு ஒரு பவுண் கொடுத்ததில்லை.

எனக்கு உறுத்தியது ஒன்றும் உண்டு. சுன்னாகத்தில் ஒருமுறை மிகப் பழைய சீதன உறுதி ஒன்றுக்குப் படி எழுதினேன். அதிலும் காணிக்கும் நகைக்கும் நடுவில் இரண்டு அடிமை ஆட்களின் பெயர் இருந்தது. ‘அந்த வரி இப்ப செல்லாது, விடும்’ என்றார் நொத்தாரிசு. நானும் விட்டுவிட்டுத்தான் எழுதினேன். அந்தப் பெயர்களை எவ்வளவு யோசித்தும் இன்றுவரை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெளியே வரும்போது அதையும் லொரெய்னிடம் சொன்னேன். அவர் அந்த நான்கு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, “அப்படியானால் இன்றைக்கு நீங்கள் தாண்டாதது நல்லதாயிற்று” என்றார்.

ஃப்ளீட் தெருவில் ஒரு தொலைபேசிப் பெட்டிக்குள் இருவரும் நெருக்கியடித்துப் புகுந்தோம். லண்டனில் மணி 1.40, வெர்ஜீனியாவில் காலை 8.40. தாயாருக்குக் காது மந்தம், அதனால் அவருடைய குரலும் உரத்துத்தான் வரும், எனக்கும் கேட்டது. லொரெய்ன் வாசித்தார். வாசித்து முடித்ததும் அங்கிருந்து கேள்வி வந்தது.

“நடுவில் எதையோ விட்டுவிட்டாய். மூச்சு வாங்கினாயே, அங்கே என்ன இருந்தது?”

“இரண்டு பசு, அம்மா.”

“பசுவையும் வாசி. எழுதினவன் வெட்கப்படவில்லை, நீ ஏன் படுகிறாய்?”

மெத்தையிலிருந்து சிலிங் வரை முழுவதையும் மறுபடி வாசித்தார்.

“நல்லது. இப்போது அவளுடைய பெயரை மட்டும் வாசி.”

வாசித்தார். இன்னொரு முறை என்றார் தாயார். வெளியே காத்துநின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டினார், நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறை டைனா என்ற பெயர் பெட்டியைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் வேலையில்லை. ஆவணங்கள் லண்டனின் மேற்கே கியூ என்ற இடத்துக்குப் போய்விட்டன, இந்த வகை உயில்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். ஆனால் அச்சிட்ட சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். சுருக்கம் எழுதியவருக்குச் சிலிங் முக்கியமாகப் பட்டது, சிறுமி படவில்லை. பங்குப் பட்டியலில் ஆள் இல்லாவிட்டால் மணமான மகள்மாரைப் பாருங்கள். பழைய கையெழுத்துக்குக் கண் பழக ஒரு மணி நேரம் கொடுங்கள். தெரிந்த வரி என்று எதையும் தாண்டாதீர்கள். எனக்கு அதனால் ஒரு நாள் போயிற்று, லொரெய்னுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே போயிருக்கும். வீட்டில் சீதனத்தோடு வந்த ஒருவர் இருந்தால் புறப்படும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது இன்னும் உத்தமம்.

நவம்பரில் குடும்பப் புத்தகம் தபாலில் வந்தது, சிவமலரின் பெயருக்கு. முதல் பக்கத்தின் உச்சியில், தனி வரியில், பெரிய எழுத்தில் டைனா. தோமஸ் பாஸ்கமை நான் வெகுநேரம் தேடினேன். பதினோராம் பக்கத்தில், அடிக்குறிப்பில் இருக்கிறார்.