ஆறு கறுப்பு வயர்

இன்ஜினியர் சார் இருந்தார். வாட்ச்மேன் அண்ணன் இருந்தார். நான் இருந்தேன். துடைப்பத்தோடு ஹவுஸ்கீப்பிங் அக்கா இருந்தார். நாவலூரில் அப்போது கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட். அங்கிருந்து பதினோராம் மாடிவரை போன கேபிளின் முனை எங்கள் நடுவே தொங்கியது. உள்ளே ஆறு வயர். ஆறும் கறுப்பு, நம்பர் கிடையாது. கீழே இருக்கிற வயர் மேலே எது என்று கண்டுபிடித்து அடையாளம் போட வேண்டும். லிஃப்ட் இன்னும் வரவில்லை. பேஸ்மென்ட்டில் செல்போன் எடுக்காது.

நான் டெஸ்டரோடு மேலே உட்கார்ந்துகொள்வது. கீழே ஒருவர் ஒரு வயரை எர்த்தில் முறுக்கிவிட்டு ஏறி வந்து சொல்வது. நான் அதைக் கண்டுபிடித்ததும் அவர் இறங்கி அடுத்ததை முறுக்குவது. ஐந்து தெரிந்தால் ஆறாவது தானாகத் தெரிந்துவிடும். ஏறுவதற்கு சார் அக்காவைக் காட்டினார்.

"இன்னாக்கா, இன்னிக்கு உனக்குத் திருப்பதிதான்," என்றார் வாட்ச்மேன் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

முதல் தடவை ஏறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தார். நான் வயரைக் கண்டுபிடித்து டேப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையலிலிருந்து இரண்டு ஊக்கைக் கழற்றிக் காட்டினார்.

"தம்பி, ஒண்ணு தெரிஞ்சிபோச்சி. மிச்சம் அஞ்சு. நான் கீழ போயி ரெண்ட ஒண்ணா முறுக்கி ஊக்கு குத்தறேன். மூண ஒண்ணா முறுக்கி ஊக்கு குத்தறேன். எது ரெண்டு, எது மூணுன்னு உன் மிஷின் சொல்லிடும். அப்பால நீ அந்தத் தெரிஞ்ச வயரோட ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணு சேத்துக் கட்டு. ரெண்டுல மிச்சம் இருக்கறதோட மூணுல இன்னொண்ணு கட்டு. கடைசி ஒண்ண சும்மா வுடு. கீழ வந்து முறுக்கப் பிரிச்சிப் பாத்தீனா எல்லாம் தெரிஞ்சிடும். நான் ஏற வேணாம். நீ ஒருவாட்டி எறங்குனா போதும்."

எனக்குப் புரிந்துவிட்டது. சரிதான் என்றும் தெரிந்தது.

"நீ பெருக்கற வேலையப் பாருக்கா. வயர் வேல எனக்குத் தெரியும்," என்றேன்.

"சர்தான் தம்பி. முட்டிதான் பேஜார் பண்ணுது," என்று சொல்லிவிட்டு இறங்கினார். மீதித் தடவையும் ஏறினார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அந்த சைட்டில் எனக்குக் கீழே என்று இருந்தது அவர் ஒருவர்தான். அவரிடம் கற்றுக்கொண்டதாக ஆகிவிடக்கூடாது. அதுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. இறங்கச் சோம்பல்.

மறுவாரம் பக்கத்து பிளாக். அதே மாதிரிக் கேபிள். ஆள் யாரும் கொடுக்கவில்லை. ஏற வேண்டியது என் கால். ஒரு வயரை எர்த்தில் முறுக்கிவிட்டு, மீதி ஐந்தையும் அக்கா சொன்னபடியே செய்தேன். ஒரு தடவை ஏறி இறங்கியதில் வேலை முடிந்தது. "பரவால்லயே, உனக்கு மூளை இருக்குதே," என்றார் சார். பக்கத்தில் அக்கா முட்டியில் துணி கட்டிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் வேறு ஆள் வந்தது. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம், அக்கா ஏறிய அதே கட்டடத்தில் ஒரு ரிப்பேர். லிஃப்ட் நின்றிருந்தது. இப்போது எனக்கும் முட்டி வலி. பேஸ்மென்ட்டில் நான் மட்டும். பம்மலிலிருந்து பை தூக்கிக்கொண்டு வந்தவன், திரும்பிப் போக மனசில்லாமல் ஏறினேன். ஏறும்போது எண்ணினேன். பதினோராம் மாடிக்கு இருநூற்று அறுபத்து நாலு படி. எனக்கு வழி தெரிந்த பிறகும் அக்கா ஏறியது நாலு தடவை.

ஆயிரத்து ஐம்பத்தாறு.